சிலுப்பாத கிடா

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் சார். முட்டாது. கொம்பு இருக்கிறதே தவிர, அதை எதற்காவது பயன்படுத்தலாம் என்று இதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. முதுகில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை, உங்கள் பேண்டில் ஒட்டிவிடும். அதற்காகச் சொன்னேன். கழுத்தில் என்ன மாலை என்று பார்க்கிறீர்களா? காலையில் கோயிலில் போட்டது. பாதியை அவரே தின்றுவிட்டார். மீதியை டவுன் போவதற்குள் தின்பார்.

டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்குச் சித்தலூர் விலக்கு வரைக்கும், இவருக்கு டவுன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் லக்கேஜ். போன அமாவாசைக்கு இதே கண்டக்டரிடம், "இவரு எங்க அப்பா, ஒரு பெரிய டிக்கெட்டாவே குடுப்பா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். விசில் ஊதி பஸ்ஸையே நிறுத்திவிட்டான். "அப்பான்னா சீட்டுல உக்கார வைங்க. ஆடுன்னா லக்கேஜ் போடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க பெரியவரே, வண்டிய எடுக்கணும்" என்றான். லக்கேஜ் என்று சொல்லிவிட்டேன். எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் டிக்கெட்டே எடுக்காமல் பாதி ஜில்லாவைச் சுற்றியவர். செத்த பிறகுதான் ஒழுங்காக டிக்கெட் எடுத்துப் போகிறார். ஆன்மா முன்னேறுகிறது என்று என் தம்பி சொல்வது இதைத்தானோ என்னவோ.

சிரிக்கிறீர்கள். நீங்கள் சிரிக்கலாம், வெளியாள். முதலிலிருந்து சொல்கிறேன், அப்புறம் சிரிப்பு வருகிறதா பாருங்கள். நேரம் இருக்கிறது. இந்த டிரைவர் எதிரே கோழி வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற ஆள்.

என் பெயர் தவமணி. சித்தலூர் விலக்கில், ஊருக்கு ரோடு பிரிகிற இடத்தில், மாவு மில் வைத்திருக்கிறேன். என்னோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். தம்பி சோலைராஜ், டவுனில் இருக்கிறான், இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. தங்கை முத்துராக்கு, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் தனுஷ்கோடி ஹைஸ்கூலில் உயிரியல் வாத்தியார். எங்கள் அப்பா பெயர் வீரணன். அவர் காலைத்தான் நீங்கள் இப்போது மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, பதறாதீர்கள்.

அப்பா எதற்காவது சரி என்று சொல்லிக் கேட்ட ஆள் எங்கள் ஊரில் கிடையாது. வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். உட்கார்ந்துவிடுவார். வலது காலை மடக்கி, இடது காலை நீட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதுதான் அவருடைய வேண்டாம். என் கல்யாணத்தில் தாலியை எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். மணவறைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது, மேளக்காரர் மூச்சுப் பிடித்து நிற்கிறார். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் தன் இலைக்கு அப்பளம் வராமல் போனதுதான் காரணம் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அப்பேர்ப்பட்டவர்.

போன வருஷம் தை மாதம் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வருஷம் வீட்டில் விசேஷம் எதுவும் செய்யக் கூடாது என்பதால், என் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காது குத்துவதைத் தள்ளி வைத்தோம். எங்கள் குலசாமி எல்லைக் கருப்பனுக்குக் கிடா நேர்ந்து, ஆவணி மாதம் ஒரு குட்டி வாங்கினேன். இந்தக் குட்டிதான். இந்த மாசி மாதம் கோயிலில் விருந்து. சம்பந்தி வீட்டிலிருந்து மட்டும் இரண்டு வேன். சமையல்காரர் வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, அடுப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கிடாவை மட்டும் வெட்ட வேண்டும்.

உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது. எங்கள் பக்கம் கிடாவிடம் சம்மதம் கேட்காமல் வெட்ட மாட்டோம். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு, எல்லோரும் கைகட்டி நிற்க வேண்டும். கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது, கிடாவும் சரி என்று சொல்லிவிட்டது. சிலுப்பாவிட்டால் கத்தியைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டு வழக்கமில்லை. கிடாவிடம் மட்டும் கேட்போம். அவ்வளவு மரியாதையான பரம்பரை.

பூசாரி தண்ணீர் ஊற்றினார். இது நின்றது. மறுபடியும் ஊற்றினார். நின்றது. "குளுரலையோ என்னமோ" என்று கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து கவிழ்த்தார்கள். நனைந்துகொண்டு நின்றது. காதில் தண்ணீர் விட்டால் எந்த ஆடும் உதறும் என்று சம்பந்தி தன் அனுபவத்தைச் சொன்னார். விட்டார்கள். ஒன்றும் இல்லை. சாம்பிராணிப் புகை காட்டினார்கள். ஒரு தும்மல் போட்டது. "தும்மல் கணக்குல வருமா பூசாரி?" என்று சம்பந்தி கேட்டார். "தும்மல் வராது" என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைசியில் என்ன செய்தது தெரியுமா? உட்கார்ந்துவிட்டது. வலது முன்னங்காலை மடக்கி, இடது காலை நீட்டி, முகத்தை அப்படியே கோயில் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அப்போது என் தங்கை முத்துராக்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "அப்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் யார் கத்தியைத் தொடுவது?

டவுனுக்கு ஆள் அனுப்பிப் பிராய்லர் கோழி வாங்கிவந்து குழம்பு வைத்தோம். மூன்று மணிக்குப் பந்தி. சம்பந்தி கையைக் கழுவிக்கொண்டே, "கிடா விருந்துன்னு பத்திரிகை அடிச்சுட்டு பிராய்லர் போட்ட ஒரே ஆளு எங்க சம்பந்திதான்" என்றார். இன்றைக்கு வரைக்கும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், "என்ன சம்பந்தி, உங்க அப்பாரு சவுக்கியமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

சரி, மானம் போனது போகட்டும். அதற்குப் பிறகுதான் பிரச்சினையே.

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து பேசினோம். என் தம்பி சோலைராஜ் ஒரு வகுப்புக்குப் போகிறான். மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. அங்கே நிலை நிலையாக ஏற்றிவிடுவார்கள். இவன் நாலாவது நிலையில் இருக்கிறான். அந்த நிலைக்கு வந்தவர்கள் வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும், அதிர்ந்து பேசக் கூடாது. அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "அண்ணே, இது அப்பா இல்ல. ஆன்மா பின்னால போகவே போகாது. பாசி, புழு, மீனு, பறவை, மிருகம், மனுசன்னு ஏறிக்கிட்டேதான் இருக்கும். மனுசனா வந்தவரு திரும்ப ஆடா வர முடியாது. ரொம்ப மோசமாப் படிச்சா அதே வகுப்புல உக்கார வைப்பாங்க. கீழ் வகுப்புக்கு அனுப்ப மாட்டாங்க."

"அப்ப அப்பா எங்கடா?" என்றேன்.

"மேல எங்கயாவது இருப்பாரு."

"மேலன்னா?"

"அதெல்லாம் அஞ்சாவது நிலையில சொல்லுவாங்க."

மாப்பிள்ளை தனுஷ்கோடி அதுவரைக்கும் பேசாமல் பல் குத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் அல்லவா, தப்பான பாடம் நடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "மேல என்ன, கீழ என்ன? பரிணாமம்னா ஏணி இல்ல மச்சான். கருவேல மரம். கண்ட பக்கமும் கிளை விடும். ஆடு ஒரு கிளை, நாம ஒரு கிளை. அது நம்மளவிடக் கீழன்னு யாரு சொன்னது? அது முள்ளத் தின்னுட்டுச் செரிச்சுருது. நீங்க ரெண்டு வடை தின்னா மாத்திரை தேடுறீங்க" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. "அப்படின்னா அப்பா கீழ இறங்கல. பக்கத்துக் கிளைக்குத் தாவியிருக்காரு. சரிதானே மாப்ள?"

"அவரு தாவல மச்சான். இறந்துட்டாரு."

வாத்தியார்கள் இப்படித்தான். ஒரு சந்தேகம் கேட்டால் பெல் அடித்துவிடுவார்கள்.

அதோடு விடவில்லை. நிரூபிக்கிறேன் என்று கிடாவின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார். மாமனார் இறப்பதற்கு முன்னாலேயே இது பிறந்திருந்தால் பேச்சு முடிந்தது, ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்றார். பார்த்தார், பார்த்தார், விரலை விட்டு இன்னொரு தடவை பார்த்தார். "பால் பல்லு இன்னும் விழல. ஆனி மாசம் பொறந்திருக்கும்" என்றார்.

"ஆட்டுக்குச் சினை எத்தனை மாசம் மாப்ள?"

"அஞ்சு."

தையிலிருந்து ஆனிக்கு எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை. அவரே மனத்துக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டார்.

இப்போது தம்பிக்குச் சங்கடம். ஆன்மா கீழே போகாது என்று சொல்லிவிட்டான், கணக்கு இடிக்கிறது. என்ன சொன்னான் தெரியுமா? "அபூர்வமா ஒண்ணு ரெண்டு இறங்கும்ணே. நிறைவேறாத ஆசை ஏதாச்சும் இருந்தா. அப்ப யார் வீட்டு முறையில அவருக்கு என்ன குறை வச்சாங்கன்னுதான் பாக்கணும்."

பார்த்தீர்களா? கண்ணை மூடிக்கொண்டே கல்லை எறிகிறான். நாலாவது நிலை.

முறை என்றால் உங்களுக்குப் புரிந்திருக்கும். அம்மா போன பிறகு அப்பாவை நானும் தம்பியும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரைக்கும் என் வீடு, அதற்கடுத்தது அவன் வீடு. ஊரில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. முத்துராக்கு, "ஏண்ணே இப்படிப் பந்து மாதிரி உருட்டுறீங்க, எங்க வீட்டுலயே இருக்கட்டும், அவருக்கும் சம்மதம்தான்" என்று எத்தனையோ தடவை கேட்டாள். மாப்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்து கேட்டார். எப்படி விட முடியும்? இரண்டு ஆம்பளைப் பிள்ளைகள் இருக்கும்போது மகள் வீட்டில் கிடந்தார் என்று ஊர் பேசாதா? எங்கள் குடும்பத்துக்கு என்று ஒரு பேர் இருக்கிறது.

ஆகவே அன்றைக்குக் கோயில் வாசலில் முடிவு செய்தோம். பூசாரி சொன்னதும் அதுதான். நேர்ந்த கிடாவை விற்கக் கூடாது. சிலுப்பாத கிடாவை வெட்டக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். என்றைக்குச் சிலுப்புகிறதோ அன்றைக்கு அப்பாவின் ஆசை தீர்ந்தது, யார்மேலும் குறை இல்லை என்று அர்த்தம். அதுவரைக்கும் பழையபடி முறை. ஒரு அமாவாசை எனக்கு, ஒரு அமாவாசை தம்பிக்கு. அவன் அப்பா என்று ஒத்துக்கொள்ளவில்லை. "உயிர்களுக்குச் சேவை செஞ்சா அஞ்சாவது நிலைக்கு உதவும்" என்று ஒத்துக்கொண்டான். அதற்கும் முத்துராக்கு, "ஆட்டையாவது எங்ககிட்ட விடுங்கண்ணே" என்றாள். அப்பாவையே விடவில்லை, ஆட்டை விடுவோமா?

இது என்கிறேன், அவர் என்கிறேன் என்று குழம்பாதீர்கள். கோயிலில் தண்ணீர் ஊற்றும்போது அது. வீட்டுக்கு வந்தால் அவர்.

என் வீட்டில் இவருக்கு ஒரு குறையும் கிடையாது, எழுதியே தருவேன். முன் அறையில் ஃபேனுக்குக் கீழே படுக்கை. வெறும் தரை சில்லென்று இருக்கும் என்று இரண்டு சாக்கு மடித்துப் போட்டிருக்கிறேன். அப்பா இருந்தபோது மில்லில், மோட்டாருக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார். வீட்டில் இடம் இருந்தது, ஆனால் இருமுவார், பேரன் தூங்க வேண்டும். மோட்டார் சத்தம் பழகிவிட்டால் தாலாட்டு மாதிரி. அதுவும் மாவு வாசனை நல்லது. இப்போது என் வீட்டுக்காரி தினமும் விடியும் முன்னால் எழுந்து அகத்திக்கீரை வாங்க ஓடுகிறாள். மில்லுக்கு போன் போட்டு, "மாமா இன்னிக்குச் சரியாத் தின்னலங்க, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்கிறாள். அப்பா இருந்த காலத்தில் அவரை மாமா என்று அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அங்க ஒரு தட்டு வைக்கணும்" என்பாள். இப்போது பாருங்கள், எவ்வளவு பக்குவம். மறுபிறவியில் இருக்கிற நன்மையே இதுதான் சார். ஆள் மாறி வந்தால் பழைய மனத்தாங்கல் எல்லாம் போய்விடுகிறது.

தம்பி வீட்டில்தான் கஷ்டம். சுரைக்காய் ஜூஸ் கொடுக்கிறான். காதுக்குப் பக்கத்தில் போனை வைத்து வகுப்பில் கொடுத்த மந்திரத்தைக் கேட்க வைக்கிறான். போன தடவை வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தார். "அது கழிவு வெளியேறுதுண்ணே, நல்லது" என்றான். எங்கே வெளியேறியது? என் முன் அறையில்.

அப்பாவின் ஆசை என்னவா? முத்துராக்கு ஒன்று சொல்கிறாள். கடைசியில் கறி கேட்டாராம். கேட்டார், நான் இல்லை என்று சொல்லவில்லை. என் முறையில்தான் கேட்டார். "கறி தின்னணும் போல இருக்குடா" என்றார். "பேரனுக்குக் காது குத்தப் போறோம்ப்பா, கிடா வெட்டுவோம், அப்ப வயிறாரத் தின்னுங்க" என்று நல்லபடியாகத்தான் பதில் சொன்னேன். ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை, போய்விட்டார். அது என் குற்றமா? கறிக்கு ஆசைப்பட்டவர் கறியாகவே வந்து நிற்பார் என்று யார் கண்டது? அதையும் தர மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வார் என்று யார் கண்டது?

முக்கியமான விஷயம், அவர் என் முறையில் சாகவில்லை. அதை எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுவேன். தம்பி தன் முறையிலும் சாகவில்லை என்கிறான். அதுவும் சரிதான். அன்றைக்கு அமாவாசை. காலைச் சாப்பாடு என் வீட்டில் ஆகிவிட்டது, அதோடு என் முறை முடிந்தது. வழக்கமாக நானே டவுன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடப் போய்த் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு வருவேன். பொங்கல் லீவு முடிந்து அன்றைக்குத்தான் மில் திறந்தேன், மாவு அரைக்க வரிசை ரோடு வரைக்கும் நின்றது. விலக்கில் இதே பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்து, பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் இறக்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். தம்பிக்கு அன்றைக்கு மூன்றாவது நிலைத் தேர்வு. அண்ணனே என் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார் என்று அவன் நினைத்திருக்கிறான். தம்பி வந்து கூட்டிப்போவான் என்று நான் நினைத்திருக்கிறேன். சாயங்காலம் டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே எடுத்துப் போடுவதற்காக எழுப்பியிருக்கிறார். வலது காலை மடக்கி, இடது காலை நீட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாராம்.

ஆக, என் முறையும் இல்லை, அவன் முறையும் இல்லை. நடுவில். இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமே இல்லை. இந்தக் கிடா ஒரு தடவை சிலுப்பிவிட்டால் போதும், அதைச் சாமியே சொன்ன மாதிரி ஆகிவிடும். முத்துராக்கும் என்னை அப்படிப் பார்க்க மாட்டாள். எப்படிப் பார்க்கிறாள் என்கிறீர்களா? ஒன்றும் சொல்ல மாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். அது இருக்கட்டும். மாசியிலிருந்து ஐப்பசி வந்துவிட்டது. இன்றைக்குக் காலையில்கூடப் பூசாரி ஒரு குடம் ஊற்றினார். ஒரு ரோமம் அசைய வேண்டுமே. எல்லைக் கருப்பனையே அசத்துகிறார் சார் இவர்.

ஒரு சின்ன உதவி. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? டவுன் பஸ் ஸ்டாண்டா? நல்லதாய்ப் போயிற்று. ஏறும்போதே பார்த்தேன், உங்கள் முகத்தைப் பார்த்தால் நல்ல மனிதர் என்று தெரிந்தது. காலி சீட் முன்னாலும் இருந்தது, நான்தான் இவரை இங்கே கூட்டிவந்தேன். தீபாவளி லீவு முடிந்து இன்றைக்குத்தான் மில் திறக்கிறது பாருங்கள், மாவுக்கு ஜனம் காத்திருக்கும். நான் விலக்கில் இறங்கிவிடுவேன். இந்தக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டுபோய், இறங்கியதும் எதிரே ஒரு டீக்கடை இருக்கும், அந்தப் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டால் போதும். தம்பி வந்துவிடுவான். போன் போட்டால் எடுக்க மாட்டான், வகுப்பில் இருப்பான். ஆனால் வந்துவிடுவான். வேறு ஒன்றும் வேண்டாம். டீ கேட்டால் கொடுக்காதீர்கள், சர்க்கரை இருக்கிறது. இல்லை, அது அப்பாவுக்கு. இவருக்கு வாழைப்பழத் தோல் மட்டும் யாரும் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

என்ன கேட்டீர்கள்? அன்றைக்கு யாரிடம் சொல்லி அனுப்பினேன் என்றா? உங்களை மாதிரித்தான் ஒருவர். கட்டம் போட்ட சட்டை. பேர் கேட்கவில்லை. பெஞ்சு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நல்ல மனிதர். அதற்கு மேல் அவர் என்ன செய்வார் சார், அவருடைய அப்பாவா?

ம்.

பாட்டிலை எதற்குத் திறக்கிறீர்கள்? வேண்டாம் சார், உங்கள் குடிதண்ணீர். கையில் ஊற்றியா கொடுக்கப்போகிறீர்கள்? குடிக்க மாட்டார், காலையிலிருந்து மேலே ஊற்றிய தண்ணீரில் அலுத்துப்போயிருப்பார். குடிக்கிறாரே. மெதுவாக, மெதுவாக. கழுத்தில் வழிகிறது பாருங்கள், சட்டையில் படாமல் நகர்ந்துகொள்ளுங்கள்...

ஐயோ.

சார், பார்த்தீர்களா? நீங்கள் பார்த்தீர்கள்தானே? தலையிலிருந்து வால் வரைக்கும். முன் சீட்டு அம்மா முகமெல்லாம் தண்ணீர். மன்னிச்சுக்கோங்கம்மா.

நீங்கள் இப்போது இவரிடம் என்ன சொன்னீர்கள்? குனிந்து ஏதோ கேட்டீர்களே. மந்திரம் ஏதாவதா? "தாகமா இருக்கா" என்றா? அவ்வளவுதானா? வேறு ஒன்றும் கேட்கவில்லையா?

தாகமா இருக்கா என்று கேட்டதற்கா இப்படி ஒரு சிலுப்பு.

இல்லைங்க அண்ணாச்சி, பின்னால் இருந்து நீங்கள் சத்தம் போட வேண்டாம். நானும் பார்த்தேன். சிலுப்பியது உண்மைதான். ஆனால் இதற்காக வண்டியைத் திருப்பிக் கோயிலுக்கு விடச் சொல்வது நியாயமில்லை. இது செல்லாது. மஞ்சள் இல்லை, பூசாரி இல்லை, சாமி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. பாட்டில் தண்ணீர். தும்மல் எப்படிக் கணக்கில் வராதோ அதே மாதிரி இதுவும் வராது. யாருக்கும் போன் போட வேண்டாம். சம்பந்திக்குத் தெரிந்தவர்கள் யாராவது வண்டியில் இருந்தால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அடுத்த அமாவாசைக்கு நான் முறைப்படி கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கடுத்த அமாவாசையும் இருக்கிறது. என்ன அவசரம்?

சரி, குடித்துவிட்டார். இன்னும் கேட்கிறார் பாருங்கள். நக்குகிறார். கொடுங்கள், நான் ஊற்றுகிறேன். இந்தாங்க.

விலக்கா? அதற்குள் வந்துவிட்டதா?

இல்லை, கண்டக்டர் தம்பி, விசில் கொடு, போகலாம். நான் இறங்கவில்லை. மில்லில் ஆள் இருக்கிறது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார்கள். அதோ நிற்கிறார்கள், கூட்டம் ஒன்றும் அதிகம் இல்லை. அதிகம்தான். நிற்கட்டும்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள் சார். உங்களை நம்பாமல் இல்லை. உங்களுக்குக் கிடா முடிச்சுப் போடத் தெரியாது, அதுதான் விஷயம். சாதாரண முடிச்சுப் போட்டால் இழுத்து அவிழ்த்துக்கொள்ளும். பெஞ்சு வரைக்கும் நானே வந்து கட்டிவிட்டு, தம்பி வருகிற வரைக்கும் சும்மா அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வராவிட்டால் முத்துராக்கு ஊருக்கும் அங்கிருந்துதான் பஸ். அது வேறு விஷயம். முடிச்சுக்காகத்தான்.

தம்பி, விலக்கிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட் கொடுப்பா. ஒன்று போதும். எனக்குத்தான். அவருக்குக் கடைசி வரைக்கும் அப்போதே எடுத்தாயிற்று.